கண்ணில் குறையில்லை, ஆயினும் பார்வையில்லை

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற நலவாழ்வு நாளன்று மாலை, பள்ளி மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் கொடியேற்றம், தேர்ப்பவனி, அசன விருந்து, இளைஞர்களின் நாடகம் என்பதே நம் ஊர் வழக்கம். இந்த ஆண்டு ஒரு நாளை உடல் நலத்திற்கென ஒதுக்கவேண்டுமென்று பங்குப் பேரவை தீர்மானித்தது. அந்த நாளில் நாமும் பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். நாம் மருத்துவர் அல்லோம். நாடி பிடிக்கவும் தெரியாது. ஆயினும் இந்தப் பொருளைப் பற்றிப் பேசும் கடமை நமக்கு உண்டு. அது ஏன் என்பது சற்று நேரத்தில் உங்களுக்கு விளங்கும்.

இன்று காலை முகாமுக்கு வந்தவர்களில் பலருக்குக் கண்புரை. வேறு பலருக்குக் கண்ணாடி. ஆனால் ஒரு சிலருடைய சீட்டில் மட்டும் மருத்துவர், ‘கண் நரம்பியல் பிரிவுக்கு அனுப்புக’ என்று எழுதிக் கொடுத்தார். அவர்களில் ஒரு பெரியவர் நம்மிடம் வந்து, “சாமி, எனக்குக் கண்ணுதானே மங்குது? நரம்புன்னு எழுதியிருக்காங்களே, எனக்கு என்ன புத்தியா கெட்டுப்போச்சு?” என்று வருத்தத்தோடு கேட்டார். அவருக்கு அப்போது சொன்ன பதிலையே இப்போது விரிவாக உங்கள் அனைவருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

கண் என்பது காட்சியை வாங்கும் வாசல். பார்ப்பது மூளை. வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டல்லவா? அதுதான் பார்வை நரம்பு. ஒவ்வொரு கண்ணின் பின்னாலும் ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு லட்சம் நுண்ணிய இழைகள் ஒரே கயிறாய்த் திரண்டு மூளைக்குள் செல்கின்றன. கடைசியில் செய்தி போய்ச் சேருமிடம் நம் பிடரிக்கு மேலே, தலையின் பின்புறத்தில் இருக்கிறது. ஆக, முகத்தின் முன்னால் தொடங்கும் பாதை தலையின் பின்னால் முடிகிறது. இந்த நெடும்பாதையில் எங்கே அடைப்பு வந்தாலும் பார்வை கெடும். அப்போது கண்ணை மட்டும் சோதித்தால், “கண்ணில் குறையில்லை” என்றுதான் பதில் வரும்.

மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு இணை என்று மருத்துவர் எண்ணி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஆறு இணைகள் கண்ணோடு தொடர்புடையவை. இரண்டாவது பார்ப்பதற்கு, மூன்றாவது, நான்காவது, ஆறாவது ஆகியவை கண்ணை அசைப்பதற்கு, ஐந்தாவது தூசி பட்டால் உணர்வதற்கு, ஏழாவது இமையை மூடுவதற்கு. பாதிப் பேர் கண்ணுக்கே ஊழியம் செய்கிறார்கள் என்றால் அதன் அருமை எத்தகையது பாருங்கள்!

நிற்க. இப்போது நம் குற்றத்தைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் மேய்ப்புப் பணி செய்த ஒரு பங்கில் நடந்தது இது. பாடற்குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரி. வயது முப்பத்தைந்து இருக்கும். பெயரும் ஊரும் வேண்டாம். இதைச் சொல்ல அவர் நமக்கு அனுமதி தந்திருக்கிறார். “சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டும் இருக்கிறார். அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு எழுந்தது: “அவளுக்குக் கர்வம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்று சிரித்தாலும் பார்த்தும் பாராமல் போகிறாள்.” வீட்டிலே நடக்கும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். சோறு பரிமாறும்போது பக்கத்திலிருக்கும் செம்பைத் தட்டிவிடுவார். அடிக்கடி தலைவலி என்று படுப்பார். கண்ணாடிக் கடையில் காட்டினார்கள். பலகையிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டார். “கண்ணில் குறையில்லை” என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மாமியார் அந்தச் சீட்டோடு நம்மிடம் வந்தார். “வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் சாமி. நீங்கதான் புத்தி சொல்லணும்” என்றார். நாமும் அந்தச் சீட்டை நம்பினோம். அந்தச் சகோதரியை அழைத்து, “அம்மா, மனதை அலையவிடாதே. வீட்டுக் காரியங்களில் கருத்தாய் இரு” என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. தலை குனிந்து கேட்டுக்கொண்டு போய்விட்டார். நாம் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம். அதற்குப் பின் ஓராண்டுக்கு மேல் சென்றது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் நம் மருந்தகத்தில் பணியாற்றிய ஒரு கன்னியர். ஊசி போட்டுக்கொள்ள வந்த அந்தச் சகோதரி, பக்கத்தில் நீட்டிய மருந்துச் சீட்டை வாங்காமல் நின்றிருக்கிறார். கன்னியருக்கு ஐயம் தட்டியது. எதிரே உட்காரவைத்து, “என் மூக்கையே பாரம்மா” என்று சொல்லி, தம் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை அசைத்தார். “எந்தப் பக்கம் அசைகிறது?” என்று கேட்டார். “எதுவும் அசையவில்லையே” என்றார் அவர். ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கண்மறைப்புக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, நேரே இருப்பது மட்டும் தெரிந்தது; இரு பக்கங்களும் இருண்டு போயிருந்தன. பலகையின் எழுத்துகள் நேர் எதிரே இருந்தபடியால் அவற்றை அவரால் வாசிக்க முடிந்தது. பக்கத்தில் நின்று சிரித்தவர்கள் அவர் கண்ணுக்குப் படவே இல்லை. கர்வம் என்று ஊர் சொன்னது அவரது நோயைத்தான்!

கணவர் வெளியூரில் வேலையாயிருந்தபடியால், கன்னியரும் நாமும் அவரை நகரத்துக் கண் மருத்துவமனையொன்றின் கண் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே கண்டதைச் சொன்னால், இன்று சீட்டு வாங்கியவர்களுக்கு அச்சம் தெளியும்.

முதலாவது, அங்கே ஊசியோ கத்தியோ யாரும் எடுக்கவில்லை. அம்மருத்துவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கதை கேட்டார். எப்போது தொடங்கியது? திடீரென்றா, மெல்ல மெல்லவா? ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? காலையில் அதிகமா, மாலையிலா? தலைவலி உண்டா? மாதாந்திர ஒழுங்கு சரியாக இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அந்தச் சகோதரி அழுதுவிட்டார். இரண்டு ஆண்டுகளாக அது நின்றுபோயிருந்ததாம். யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. “சுவாமி, எங்கள் பிரிவில் பாதி நோயைக் காதாலேயே கண்டுபிடிக்கிறோம்” என்றார் மருத்துவர்.

அடுத்து ஒவ்வொரு கண்ணாகப் பார்வையை அளந்தார்கள். பின்பு வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட முறை அது. பிறவியிலேயே நிறம் பிரித்தறியாதவர்களைக் கண்டுபிடிக்க அமைத்தது, பார்வை நரம்பு நோயை அறியவும் உதவுகிறது. நரம்பு நலிந்தால் எழுத்து மங்குவதற்கு முன்னமே சிவப்பு நிறம் வெளுத்துப் போவதுண்டு.

மூன்றாவது சோதனைதான் நம் நெஞ்சைத் தொட்டது. ஒரு சாதாரணக் கைவிளக்கு. அதை ஒரு கண்ணில் அடித்தால் இரு கண்மணிகளும் சுருங்கவேண்டும், அது இயற்கை. விளக்கைச் சட்டென்று மற்றக் கண்ணுக்கு மாற்றினாலும் சுருங்கியபடியே நிற்கவேண்டும். ஆனால் அந்தச் சகோதரியின் வலக்கண்ணுக்கு ஒளியை மாற்றியபோது கண்மணி சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தது. அந்த நரம்பின் வழியே ஒளியின் செய்தி குறைவாகவே உள்ளே போகிறது என்பது அதன் பொருள். இதற்கு மார்கஸ் கன் என்ற மருத்துவரின் பெயரை வழங்குகிறார்கள். விளக்கை இப்படி மாறி மாறிக் காட்டும் முறையை லெவட்டின் என்பவர் 1959-இல் எழுதிவைத்தார். நாம் விரும்பினாலும் கண்மணியை விரிக்கவோ சுருக்கவோ முடியாது. ஆகவே கண்மணி பொய் சொல்லாத சாட்சி. நடிக்கிறாள் என்று நாமெல்லாரும் தீர்ப்பிட்ட அந்தப் பெண்ணுக்காக அவருடைய கண்மணியே சாட்சி சொல்லிற்று.

பின்னர் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவியின் முன் தாடையை ஊன்றி உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்கவேண்டும். ஓரங்களில் சிறு வெளிச்சம் மின்னும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். இத்தகைய கிண்ணக் கருவியைச் சுவிட்சர்லாந்தின் கோல்ட்மன் 1945-இல் செம்மைப்படுத்தினார். இப்போது கணினி அந்த வேலையைச் செய்கிறது. முடிவில் ஒரு தாள் வந்தது. வலக்கண் படத்தில் வலப்புறம் கறுப்பு. இடக்கண் படத்தில் இடப்புறம் கறுப்பு. அந்தத் தாளைப் பார்த்ததும், நோய் தலைக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மருத்துவர் சொல்லிவிட்டார். ஸ்கேன் எடுத்தது அதை உறுதி செய்யத்தான்.

அது எப்படி என்று கேட்டோம். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு பார்வை நரம்புகளும் மூளையின் அடியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப் பக்கத்திலுள்ள இழைகள் அங்கே குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போகின்றன. வெளிப்புறக் காட்சியைச் சுமப்பவை அந்த இழைகளே. அவர் போட்ட படத்தைப் பார்த்ததும் நமக்குக் குருமடத்து நினைவு வந்தது. புதிய ஏற்பாட்டைப் பயில்வதற்காக அங்கே சிறிது கிரேக்கம் கற்றோம். இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது போன்ற ‘கி’ என்ற எழுத்து அதில் உண்டு. கிறிஸ்து என்னும் பெயரின் முதல் எழுத்தும் அதுவே. நரம்புகள் கடக்கும் அந்த இடத்திற்கு மருத்துவர்கள் ‘கியாஸ்மா’ என்று பெயரிட்டது அந்த எழுத்தை நினைத்துத்தான்.

அதற்கு நேர் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. உடலின் பல சுரப்பிகளை ஆள்வது அது. அதிலே ஒரு கட்டி வளர்ந்து, கீழிருந்து மேலே அழுத்தினால், முதலில் நசுங்குவது நடுவில் கடக்கும் இழைகளே. ஆகவே இரு வெளிப்பக்கங்களும் இருளும். சுரப்பி கெடுவதால் மாதாந்திர ஒழுங்கும் நிற்கும். அந்தச் சகோதரியின் தலைவலி, கதவு நிலையில் இடித்தது, செம்பு கவிழ்ந்தது, ‘கர்வம்’ எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்! இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஒரு வகைக் கட்டி மாத்திரையாலேயே சுருங்கிவிடும். மற்ற வகைகளை மூக்கின் வழியாகவே கருவியை நுழைத்து எடுத்துவிடுகிறார்கள். இவருக்கு அப்படித்தான் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் செய்தார்கள். மண்டையைத் திறக்கவில்லை, தலைமுடியை மழிக்கவும் இல்லை.

இடக்கண்ணின் பார்வை பெரும்பாலும் திரும்பியது. வலக்கண் திரும்பவில்லை. அங்கே நரம்பு வெகுநாள் நசுங்கி வெளுத்துவிட்டிருந்தது. “ஓராண்டு முன்னே வந்திருந்தால் இந்தக் கண்ணையும் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம்” என்றார் மருத்துவர். அவர் யாரையும் குறைகூறிச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓராண்டு எது என்பது நமக்குத் தெரியும். “மனதை அலையவிடாதே” என்று புத்தி சொல்லி அனுப்பிய ஓராண்டு அது. ஊர் திரும்பியபின் அவர் வீட்டுக்குச் சென்று, மாமியார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம்.

அன்பர்களே, அந்தப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் நாள் முழுவதும் அமர்ந்திருந்தபோதும், பின்னர் மருத்துவரிடம் பலமுறை கேட்டும் அறிந்துகொண்டவற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

ஒரு கல்லூரி மாணவி வந்திருந்தாள். கண்ணை அசைத்தால் வலி. இரண்டு மூன்று நாளில் ஒரு கண் மங்கிவிட்டது. பார்வை நரம்பு அழற்சி என்றார்கள். இதற்கு ஸ்டீராய்டு மருந்தை நரம்பூசி வழியாகச் சில நாள் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 1992-இல் வெளியாயிற்று. ஊசி மருந்து பார்வையை விரைவில் மீட்டது என்றும், வழக்கமான அளவில் மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப வந்தது என்றும் அது காட்டியது. ஆகவே மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவது எவ்வளவு ஆபத்து பாருங்கள்! மேலும், இத்தகைய அழற்சியில் கொடிய வகை ஒன்று உண்டு. அதை இரத்தச் சோதனையில் அறியும் வழி 2004-இல் கிடைத்தது. அதற்கு மருத்துவம் வேறு.

நீரிழிவுள்ள ஓர் ஓட்டுநருக்கு, ஒரு சாலை இரண்டாகத் தெரிந்தது. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு செயலிழந்திருந்தது. இத்தகையவை பெரும்பாலும் மூன்று மாத அளவில் தாமே குணமாகும். அதுவரை ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளலாம், சர்க்கரையை அடக்கவேண்டும், வண்டி ஓட்டக்கூடாது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். கடுமையான தலைவலியோடு ஒரு பக்க இமை தொங்கி, கண் வெளிப்பக்கம் விலகி, கண்மணியும் பெரிதாகிவிட்டால், மூளை இரத்தக் குழாயில் ஒரு வீக்கம் வெடிக்கக் காத்திருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக்கூடாது. அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இன்னோர் அம்மையாருக்குக் காலையில் இமை நன்றாயிருக்கும், மாலையில் தொங்கிவிடும். மருத்துவர் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி இரண்டு நிமிடம் இமைமேல் வைத்தார். எடுத்தபோது இமை உயர்ந்திருந்தது! நாம் வியந்துபோனோம். அது மயஸ்தீனியா என்னும் நோய். நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராததால் வருவது. 1934-இல் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர் இங்கிலாந்தில் இதற்கு ஒரு மருந்து பயன் தருவதைக் கண்டார். அந்த மருந்தின் இனத்தைச் சேர்ந்த மாத்திரையே இன்றும் கொடுக்கப்படுகிறது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் மட்டும் தாமதம் கூடாது.

மூவரைப் பற்றி நம் பங்கில் தனிக் கவனம் தேவை. முதலாவது, காசநோய்க்கு மருந்துண்பவர்கள். அந்தக் கூட்டு மருந்துகளில் எத்தம்பியூட்டால் என்பதும் ஒன்று. அது காசத்தை வெல்ல மிகவும் உதவுவது. ஆனால் ஒரு சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். எழுத்து மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ, அன்றே மருந்து கொடுக்கும் மையத்தில் சொல்லுங்கள். நீங்களாகவே எல்லா மருந்தையும் நிறுத்திவிடவும் கூடாது. நாமே பார்த்துக்கொள்வோம் என்று மறைக்கவும் கூடாது.

இரண்டாவது, குடி. கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால், உடலுக்குள் நஞ்சாக மாறிப் பார்வை நரம்பைச் சுட்டுவிடுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. குடித்தவருக்குப் பல மணி நேரம் கழித்தே கண் மங்கும். அதுதான் எச்சரிக்கை. ‘போதை தெளியட்டும்’ என்று வீட்டில் கிடத்தாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. வெட்கத்தால் மறைத்து ஒருவரைச் சாகவிடாதீர்கள்.

மூன்றாவது, பக்கவாதம் வந்து தேறிய பெரியவர்கள். சிலர் இலையில் ஒரு பக்கத்துச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு, “போதவில்லை” என்பார்கள். மறு பக்கத்துச் சோறு அப்படியே இருக்கும். வீட்டார் எரிச்சல்படுவார்கள். அவருக்கு அந்தப் பக்கமே தெரிவதில்லை. மூளையில் அந்தப் பாதி அணைந்திருக்கிறது. தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்கலாம். இலையைத் திருப்பி வைக்கலாம். கோபித்துக்கொள்வதால் பயனில்லை.

இளம் பெண்கள் சிலருக்கு, உடல் எடை கூடும்போது மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தமும் கூடுகிறது. தலைவலி, எழுந்து நிற்கும்போது நொடிப்பொழுது கண் இருண்டு மீள்வது, காதுக்குள் நாடித்துடிப்பின் ஓசை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1851-இல் வெளியிட்ட கண்ணுள்நோக்கி வகையான கருவியால் பார்த்தால், நரம்பின் தலை வீங்கியிருப்பது தெரியும். அறுக்காமல், ஊசி குத்தாமல், மூளையோடு சேர்ந்த ஒரு நரம்பைக் கண்ணால் காணக்கூடிய இடம் அது ஒன்றுதான். எடையைக் குறைப்பதும் மாத்திரையும் பலருக்கும் போதும். கவனிக்காவிட்டால் பார்வை போகும்.

இனி, போகிறவர்கள் செய்யவேண்டியவை. பழைய சீட்டுகள், பழைய கண்ணாடிகள், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கலியாணப் புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள், சிரிக்கவேண்டாம்! இமை எப்போது தொங்கத் தொடங்கியது, கண்மணி முன்பே பெரிதா சிறிதா என்பதைப் பழைய படத்தைப் பார்த்து மருத்துவர் அறிந்துகொள்கிறார். கண்ணில் சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் மங்கலாகவே இருக்கும். ஆகவே துணையோடு செல்லுங்கள். ஒரே நாளில் முடியும் என்று எண்ணாதீர்கள்.

நம் நாட்டில் இதற்கு வசதி இல்லை என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம். சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை 1819-இலேயே தொடங்கியது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கிய நரம்பறுவைத் துறையே இந்தியாவில் முதலாவது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு ஆரம்பித்தார். சென்னை சங்கர நேத்ராலயா 1978-இல் தோன்றியது. இவ்விரண்டிலும் கண் நரம்பியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

எல்லாம் குணமாகும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. வெளுத்து மடிந்த நரம்பை மீண்டும் முளைக்கச் செய்யும் மருந்து இன்னும் வரவில்லை. அப்படி உண்டு என்று விளம்பரம் செய்து பணம் பறிப்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ‘மருந்தை எறிந்துவிட்டு வா, செபித்தால் போதும்’ என்பவர்களையும் நம்பாதீர்கள். மருத்துவரை மதிக்கச் சொல்வது சீராக் ஆகமமே. குணமாகாதவர்களையும் அந்தப் பிரிவு கைவிடுவதில்லை. எஞ்சிய பார்வையைப் பயன்படுத்த உருப்பெருக்கிகள் தருகிறார்கள். வெள்ளைக் கோலோடு நடக்கப் பழக்குவோரிடம் அனுப்புகிறார்கள். அரசுச் சலுகைக்கான மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு வழிகாட்டுகிறார்கள். அதற்கு அப்பால் செய்யவேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே பொன்விழாவின் நினைவாக மூன்று காரியங்களைச் செய்வதென்று பங்குப் பேரவையில் முடிவு செய்திருக்கிறோம். இன்று சீட்டு வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆலய வாசலிலிருந்து வேன் புறப்படும். போக்குவரத்துச் செலவைப் புனித வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்கிறார்கள். துணைக்கு ஆளில்லாதவர்களோடு மாதர் சங்கத்தினர் செல்வார்கள்.

நான்காவது காரியம் ஒன்று உண்டு. அதற்குச் செலவில்லை. உங்கள் வீட்டில் ஒருவர், “எனக்குச் சரியாகத் தெரியவில்லை” என்று சொன்னால், அவரை முதலில் நம்புங்கள். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் நம்புங்கள். கண்ணில் குறையில்லை என்று கடைக்காரர் சொன்னால், “அப்படியானால் குறை எங்கே?” என்று மேலும் ஒருவரிடம் கேளுங்கள். மருமகள் செம்பைத் தட்டிவிட்டால் திட்டுவதற்கு முன் ஒருமுறை அவள் பக்கத்தில் விரலை அசைத்துப் பாருங்கள். பரீட்சையில் பின்தங்கிய பிள்ளையை அடிப்பதற்கு முன் கரும்பலகை தெரிகிறதா என்று கேளுங்கள்.

அந்தச் சகோதரி இன்றும் தம் பங்கின் பாடற்குழுவில் பாடுகிறார். பாட்டுப் புத்தகத்தைச் சற்று இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறார். யாராவது வலப்பக்கம் வந்து நின்றால் தோளைத் தொட்டுத்தான் அழைக்கவேண்டும். அந்த ஊரில் இப்போது எல்லாரும் அப்படியே செய்கிறார்கள். சென்ற மாதம் அவரைச் சந்தித்தபோது, இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னோம். “சாமி, என் கதையைச் சொல்லுங்க. நீங்க சொன்ன புத்தியையும் சேர்த்தே சொல்லுங்க. அப்பத்தான் யாராச்சும் சீக்கிரம் போவாங்க” என்றார்.

சொல்லிவிட்டோம். சீட்டு வைத்திருப்பவர்கள் இன்றிரவே பெயர் கொடுத்துவிடுங்கள். மேசை வாசலருகே இருக்கிறது.